நார்வேக்குக் காட்டிய அபாயப் பலகை

நார்வே நாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம்? எனக்குச் சமீபகாலம்வரை எந்த அபிப்பிராயமும் கிடையாது. அது பாட்டுக்கு அங்கே இருந்தது, நான் பாட்டுக்கு இங்கே இருந்தேன். இப்போது யாராவது நார்வே என்று சொன்னால் எனக்குக் கழுத்து வியர்க்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பிரின்சிபல் மிஸ்டர் டான் மிக நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. நல்ல மனிதர்கள் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தால் நமக்குத்தான் ஒரு வருஷம் வேலை.

போனார். வந்தார். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, இனிமேல் எல்லாப் பாடத்திலும் உலகப் பார்வை இருக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாக இருக்கக் கூடாதாம். நல்ல விஷயம்தானே? நானும் கைதட்டினேன். பிறகுதான் படிவம் வந்தது.

ஆன்லைன் படிவம். ‘பாடம்’ என்று ஒரு கட்டம். ‘நாடு’ என்று ஒரு கட்டம். நாடு கட்டத்தைத் தட்டினால் உலகமே வரிசையாகக் கீழே விழும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் படிவம் நகரும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. உலகப் பார்வை என்றால் வெளியே பார்ப்பதுதானே என்று ஐடி ஆள் அதை எடுத்துவிட்டார்.

கணக்கு டீச்சர் மிஸஸ் வோங் இரண்டே நிமிஷத்தில் முடித்தார். எகிப்து. “முக்கோணம் இருக்கு, பிரமிட் இருக்கு, சரியாப் போச்சு” என்றார். உடற்கல்வி ஆசிரியர் பிரேசில் போட்டார், கால்பந்து. சமையல் வகுப்பில் இத்தாலி. போன வருஷமும் பிள்ளைகள் அதே மக்கரோனியைத்தான் செய்தார்கள். போன வருஷம் அது மக்கரோனி. இந்த வருஷம் அது உலகப் பார்வை.

நான் இந்தியா என்று போட்டேன்.

மிஸ்டர் டான் அறைக்குக் கூப்பிட்டார். “டூ ஆப்வியஸ் லா” என்றார்.

“மலேசியா?”

“டூ நியர்.”

பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு விஷயம் சொன்னார். அதைத்தான் நான் கொஞ்ச நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். உயர்நிலை இரண்டில் என் தமிழ் வகுப்பில் ஒன்பதே பேர். ஒன்பது பேருக்கு ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியர், காலை நேரத்தில் ஒரு பாடவேளை... அடுத்த வருஷம் இவர்களைப் பள்ளி முடிந்ததும் வேறோர் இடத்தில் நடக்கும் பொதுத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். “இந்த உலகப் பார்வைப் பாடம் நல்லா வந்தா, நான் எடுத்துச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும்” என்றார் அவர். தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

மதியம் இரண்டுக்குப் பள்ளி முடிந்து, பஸ் பிடித்து, இன்னோர் இடத்தில் போய்த் தமிழ் படித்துவிட்டு, வீடு திரும்ப மாலை ஏழு. பதினாலு வயசுப் பிள்ளைக்கு அதற்கப்புறம் தமிழ் மேல் பாசமா வரும்? அந்த ஒன்பது பேர் ஒன்றும் தமிழில் புலிகள் இல்லை. ஆனால் என் பிள்ளைகள்.

அப்போதுதான் சிவநேசன் நினைவுக்கு வந்தார். ஓர் ஆசிரியர் மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில் பழக்கம். நார்வேயில் ஒரு சின்ன ஊரில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். வீடியோ காலில் இரண்டு வகுப்பையும் பேச வைக்கலாமா என்று கேட்டேன். “அதுக்கென்ன அக்கா, தாராளமாச் செய்வம்” என்றார்.

நார்வே. மிஸ்டர் டான் முகம் மலர்ந்துவிட்டது. ஆப்வியஸும் இல்லை, நியரும் இல்லை.

அடுத்தது பேனர். பேனர் இல்லாமல் இந்த ஊரில் எந்த அறிவாவது வளர்ந்திருக்கிறதா? தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் இருக்கிற பிரிண்டிங் கடை. கடைக்காரர் மன்னார்குடிப் பக்கம். சங்கதியைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் ஓர் உலக உருண்டையைத் தூக்கிப் போட்டார்.

“அஞ்சு ஸ்கூலுக்கு இதே உருண்டைதான் போட்டுக் குடுத்தேன்கா. நல்லாப் போவுது.”

உற்றுப் பார்த்தேன். உருண்டை பூராவும் அமெரிக்கா.

“தம்பி, இதுல சிங்கப்பூர் எங்க?”

மௌஸை உருட்டிப் பார்த்தார். “பின்பக்கம் இருக்கும்கா.”

“திருப்ப முடியாதா?”

“படம்க்கா இது. எப்புடித் திருப்புறது?”

சரிதான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு என் தொழிலின் முக்கியமான வேலைக்கு வந்தேன். கேள்வி அட்டை தயாரிப்பது. சிங்கப்பூரில் ஆசிரியராக இருப்பவருக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியிருக்கும்... கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு மாதிரி விடை இருந்தே தீர வேண்டும். பதில் தெரியாத கேள்வியை நாங்கள் வகுப்புக்குள் விடுவதில்லை. ஆபத்து.

ஆகவே ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது அட்டை. முன்பக்கம் கேள்வி. பின்பக்கம், அந்தப் பக்கத்துப் பிள்ளை பதில் சொன்னதும் நம் பிள்ளை சொல்ல வேண்டிய பாராட்டு. எல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழ். லேமினேட் வேறு செய்தேன். அத்தோடு விட்டேனா? நார்வேப் பிள்ளைகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நானே எழுதி சிவநேசனுக்கு அனுப்பிவைத்தேன்.

அவர் போன் பண்ணினார். “அக்கா, நீங்கள் அனுப்பின பதிலெல்லாம் பார்த்தனான். வடிவா எழுதியிருக்கிறியள். ஆனால் எங்கட பிள்ளையள் இப்பிடிச் சொல்ல மாட்டினம்.”

“ஏன் தம்பி? கஷ்டமா இருக்கா?”

“இல்லை அக்கா. இதெல்லாம் உண்மை இல்லைத்தானே.”

“உண்மையா முக்கியம்? பிரின்சிபல் உட்கார்ந்து மார்க் போடறாரு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் கூடச் சிரித்து வைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

அவர்கள் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நமக்கு மாலை ஐந்து. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். சிங்கப்பூரில் சனிக்கிழமை மாலை யாருக்குச் சொந்தம்? டியூஷனுக்கு. ஓர் அம்மா கேட்டார்: “டீச்சர், கெமிஸ்ட்ரி டியூஷன் மிஸ் பண்ணா திரும்ப எடுக்க மாட்டாங்க. நார்வே எக்ஸாம்ல வருமா?” வராது என்று எப்படிச் சொல்வேன்? தேக்காவிலிருந்து ஆளுக்கொரு பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் நேரடியாகவே பேரம் பேசினேன். ஒன்பது பேரும் வந்தார்கள். ஓர் ஆசிரியைக்கு அதிகாரத்தைவிடப் பிரியாணி கைகொடுக்கும்.

அட்டைகளை எப்படிப் பங்கிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீளமான கேள்வி ரிஷிக்கு, வகுப்பிலேயே வாயாடி. ஆகச் சின்னது ஹரிணிக்கு. அவள் வீட்டில் முழுக்க ஆங்கிலம். தமிழ் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பாள், தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். ஆகவே அவளுக்குக் கேள்வியே இல்லை. கடைசியில் எழுந்து “நன்றி, வணக்கம்” சொன்னால் போதும். அதையும் லேமினேட் செய்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பின்வரிசையில் மிஸ்டர் டான், மடியில் மதிப்பீட்டுத் தாள். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. திரையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், கம்பளிச் சட்டையோடு. ஓரத்தில் சிவநேசன் கையாட்டினார்.

ரிஷி எழுந்தான். அட்டையைப் பார்த்து, செய்தி வாசிக்கும் குரலில்: “உங்கள் நாட்டில் குளிர்காலத்தில் எந்த விளையாட்டை விளையாடி மகிழ்வீர்கள்?”

அந்தப் பக்கம் ஒரு பையன் கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கைவரை மாவுக்கட்டு. “நான் போன கிழமை பனியில சறுக்கேக்க விழுந்து கையை முறிச்சுப்போட்டன்.”

ரிஷி அட்டையைத் திருப்பினான். “ஆகா, கேட்கவே மிகவும் உற்சாகமாக இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் நானும் அவ்வாறே செய்ய விரும்புகிறேன்.”

மாவுக்கட்டுப் பையன் தன் கையைப் பார்த்தான், ரிஷியைப் பார்த்தான்.

அடுத்த பிள்ளை எழுந்தது. “உங்கள் நாட்டின் சிறப்பு உணவு யாது?”

“எங்கட வீட்டில நேற்று இடியப்பமும் சொதியும்.”

“ஓ, சால்மன் மீனா? சிங்கப்பூரில் நாங்கள் அதைச் சுஷியாக உண்கிறோம்.”

சிவநேசன் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். திரும்பி மிஸ்டர் டானைப் பார்க்கிறேன்... மனிதர் பரம சந்தோஷத்தில் இருக்கிறார். ஒரு பிள்ளை கேட்கிறது, ஒரு பிள்ளை பதில் சொல்கிறது, இந்தப் பிள்ளை மறுபடி பேசுகிறது. டிக், டிக், டிக் என்று தாளில் போட்டுக்கொண்டே போகிறார். எட்டு அட்டையும் இப்படியே நடந்தது. எட்டுக்கும் டிக். என் வகுப்பு பிழைத்துவிடும் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, பொய் சொல்வானேன்.

கடைசியில் ஹரிணி. எழுந்தாள். அட்டையைப் பார்த்தாள். திரையில் முன்வரிசையில் ஒரு பெண், அபிராமி என்று பெயர் சொல்லியிருந்தாள், இவள் வயசுதான், கன்னத்தில் கை வைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ஹரிணி அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்க... ஏன் தமிழ் படிக்கிறீங்க? உங்க ஸ்கூல்ல அது எக்ஸாம் கூட இல்லதானே?”

முடிந்தது கதை என்று நினைத்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் மாதிரி விடை இல்லை.

அபிராமி நிமிர்ந்தாள். “எனக்கு விருப்பமே இல்லை. அம்மா காலமை எழுப்பி இழுத்துக்கொண்டு வாறா.”

எங்கள் பக்கம் ஒன்பது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். “சேம் லா” என்றான் ரிஷி. அட்டையில் இல்லாத முதல் வார்த்தை.

“ஆனால் ஒரு வசதி இருக்கு,” என்றாள் அபிராமி. “நானும் அக்காவும் பஸ்ஸில தமிழில கதைச்சால் ஒருத்தருக்கும் விளங்காது. எவரைப் பற்றியும் எதுவும் சொல்லலாம்.”

“எங்களால முடியாது,” என்றான் ரிஷி. “எம்ஆர்டி ரயில்ல ஒரு அங்கிளைப் பத்தி தமிழ்ல ஏதோ சொன்னேன். அவர் திரும்பி, தம்பி எந்த ஸ்கூல்னு தமிழ்லயே கேட்டாரு.”

இப்போது அந்தப் பக்கம் சிரிப்பு. கதை என்ன, பேச்சு என்ன... நான் ஒருத்தி நடுவில் நிற்பதையே மறந்துவிட்டார்கள். ஹரிணி பேசிக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. ஆனால் பேசினாள். எம்ஆர்டியில் தமிழில் எழுதியிருக்கும் என்று அவள் சொன்னதும் அபிராமி நம்பவில்லை.

“சும்மா சொல்லாதேங்கோ. ரயில்ல தமிழா?”

“யா. எங்க பார்த்தாலும் இருக்கு.”

“அரசாங்கம் எழுதினதா? இல்லாட்டிக் கடைக்காரர் எழுதினதா?”

“அரசாங்கம்தான்.”

“காட்டுங்கோ பாப்பம்.”

ஹரிணி சுற்றுமுற்றும் பார்த்தாள். வகுப்பறையில் தமிழில் இருந்தது என் பேனர் ஒன்றுதான். அதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தன் டேப்லட்டில் அதே வீடியோ காலைத் திறந்து, கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே எட்டுப் பேர். பின்னாலேயே நான். எனக்குப் பின்னால், தாளோடு மிஸ்டர் டான்.

எங்கள் தாழ்வாரத்தின் கடைசியில் மின்சார அறை. கதவில் ஒரு மஞ்சள் முக்கோணம். கீழே நான்கு மொழியில் எழுத்து. உங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் இருக்கும், தினமும் கடந்து போவீர்கள். ஹரிணி அதன் முன்னால் டேப்லட்டைப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் அத்தனை பிள்ளைகளும் எழுத்துக் கூட்டிச் சேர்ந்து படித்தார்கள்.

“அ... பா... யம்.”

“உண்மையாவே தமிழ்,” என்றாள் அபிராமி. குரல் தணிந்திருந்தது. “ஒருத்தரும் கேக்காமலே எழுதி வச்சிருக்கினமா?”

“ஆமா,” என்றாள் ஹரிணி. கொஞ்ச நேரம் அவளும் அந்தக் கதவையே பார்த்தாள். “நான் இதை இப்பதான் பார்க்கிறேன்.”

இருபது வருஷமாகத் தமிழின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுத வைக்கிறேன். மூன்று பத்தி, முன்னுரை முடிவுரையோடு. ஒரு பிள்ளை முகத்திலும் இதைப் பார்த்ததில்லை. மின்சார அறைக் கதவு செய்துவிட்டது.

நேரம் முடிந்து வீடியோ கால் நின்றதும் பிள்ளைகள் பிரியாணியைத் தேடிப் போய்விட்டார்கள். நானும் மிஸ்டர் டானும் கதவின் முன்னால் நின்றோம். அவர் தாளில் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு டிக்கும் இல்லை.

“பாடத் திட்டத்தில் இது இருந்ததா?” என்றார்.

“இல்லை.”

“ஏன் ஓடினார்கள்? அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?”

மழுப்பியிருக்கலாம். கூட்டுக் கற்றல், களப்பயணம் என்று நாலு வார்த்தை என்னிடம் எப்போதும் கைவசம் உண்டு. சொல்லப் பிடிக்கவில்லை. முதல் எட்டுக் கேள்வியில் மாவுக்கட்டும் சால்மனும் என்னவாயின என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் டிக் போட்டதெல்லாம் நான் எழுதிக் கொடுத்த நாடகம், டிக் போடாததுதான் பாடம் என்றேன். சொல்லும்போதே அடுத்த வருஷம் பஸ்ஸுக்கு நிற்கும் ஒன்பது பேரும் கண்ணில் தெரிந்தார்கள்.

மிஸ்டர் டான் கதவின் அருகே குனிந்தார். “பதினோரு வருஷமா இந்த வழியா நடக்கிறேன்,” என்றார். “இதில் எது தமிழ்?”

விரலை வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“அந்தப் பெண், ஹரிணி. அவள் பேசி நான் கேட்டதே இல்லை.”

“நானும் கேட்டதில்லை.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பிடுங்க. படிவம் வந்தாத்தான் நான் பேச முடியும். அடுத்த வருஷ அட்டவணையில் காலை வேளையிலேயே உங்க வகுப்பைப் போடச் சொல்றேன். அதுக்கு அடுத்த வருஷம்... சீ ஹவ்.”

சீ ஹவ் என்றால் சிங்கப்பூரில் ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுவே போதும்.

ஆனால் நல்ல மனிதர்கள் ஒரு நல்ல விஷயத்தைப் பார்த்துவிட்டு சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எல்லா ஆசிரியருக்கும் இமெயில் வந்தது. அடுத்த தவணையிலிருந்து எல்லாப் பாடத்திலும் ஓர் அறிவிப்புப் பலகையாவது கட்டாயம் இடம்பெற வேண்டும். திங்கள் காலை மிஸஸ் வோங் என் மேசைக்கு வந்து முறைத்தார். “கணக்குக்கு நான் எந்தப் பலகைக்குப் போறது?” தாழ்வாரக் கடைசிக்குப் போங்கள், அங்கேயும் முக்கோணம்தான் என்றேன்.

ஹரிணி அன்று வகுப்புக்கு முன்னாலேயே வந்து நின்றாள். போனைக் காட்டினாள். ஞாயிறு முழுக்கச் சுற்றியிருக்கிறாள். எம்ஆர்டி மேடை, ஆங் மோ கியோவில் கட்டுமானத் தளத்து வேலி, எங்கேயோ ஒரு கால்வாய்க் கரை. எல்லாவற்றிலும் தமிழ். எல்லாம் அபிராமிக்குப் போயாகிவிட்டது. “டீச்சர், அவ இன்னும் கேட்கிறா,” என்றாள். “எனக்கு ஒரு அட்டை குடுங்க. ஒண்ணும் எழுதாதது.”

மத்தியானம் படிவத்தைத் திறந்தேன். பாடம்: தமிழ். நாடு கட்டத்தைத் தட்டினேன். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். இல்லை. ஒன்றைப் போட்டால்தான் படிவம் போகும், படிவம் போனால்தான் வகுப்பு இருக்கும். நார்வே என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

பொய்தான். அன்று என் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்த வெளிநாடு சிங்கப்பூர்.